பாதியில் நின்ற கோயில்கள்

இந்த மாதிரி ஒரு வீடியோ உங்களுக்கும் கண்டிப்பா வந்திருக்கும். பின்னணியில் பேய்ப்படத்துக்குப் போடுற மியூசிக். எலோரா கைலாசநாதர் கோயிலை ட்ரோன் சுத்திச் சுத்தி வருது. ஒரு கனமான குரல் கேட்குது: ஒரே பாறையை மேலிருந்து கீழே குடைந்து இவ்வளவு பெரிய கோயிலை மனிதனால் செய்திருக்க முடியுமா? அடுத்த பத்து செகண்டுக்குள்ள லேசர் வந்துடும், ஏலியன் வந்துடும், 'தொலைந்துபோன தொழில்நுட்பம்' வந்துடும். கீழே கமெண்ட்ல நம்ம ஆளுங்க கைதட்டிக்கிட்டு இருப்பாங்க, ஏதோ நம்மைப் புகழ்ந்துட்டாங்கன்னு.

அதுல என்னங்க புகழ்ச்சி இருக்கு? வெயில்ல உட்கார்ந்து உளி பிடிச்ச ஆளோட பேரை அடிச்சுட்டு, அந்த இடத்துல வேற்றுக்கிரகத்துக்காரன் பேரை எழுதுறாங்க. நாம அதை ஃபார்வர்ட் பண்றோம்.

சரி, இதுக்கு எப்படிப் பதில் சொல்றது? தஞ்சாவூர் பெரிய கோயிலைக் காட்டினா பதில் கிடைக்காது. ஏன்னா முழுசா முடிஞ்ச கோயில், தன்னை எப்படிச் செஞ்சாங்கன்னு வெளியில காட்டாது. உளி பட்ட தடம், அளவு பார்த்த கோடு எல்லாத்தையும் தேய்த்து மெருகேற்றி மறைத்துவிடுவார்கள். வேலை சுத்தம்னா அதுதானே அர்த்தம். நான் சாஃப்ட்வேர் எழுதுற ஆள். ஓடிக்கிட்டு இருக்குற ஒரு ஆப்பை வெளியிலிருந்து பார்த்து, அதை யார் எந்த வரிசையில எழுதினாங்கன்னு சொல்ல முடியாது. கமிட் ஹிஸ்டரியைத் திறந்து பார்க்கணும். கல்லுக்கு கமிட் ஹிஸ்டரி எங்கே இருக்குன்னா, வேலை பாதியில் நின்ற இடங்கள்ல இருக்கு.

அப்படிப்பட்ட இடங்கள் தமிழ்நாட்டில் நிறையவே இருக்கு. ஆனா டூர் பேக்கேஜ்ல வராது. 'முடிக்கல' என்றதும் நாம ஏதோ குறைச்சலா நினைச்சுடுறோம். இந்த எபிசோட்ல மூணு இடம் பேசப்போறோம். முதல் ரெண்டையும் கொஞ்சம் வேகமா முடிச்சுட்டு, மூணாவதுல, அதாவது கழுகுமலையில, நல்லா உட்கார்ந்துக்கலாம்.

முதல்ல மண்டகப்பட்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போற வழியில் இருக்கிற சின்ன ஊர். இங்கே இருக்கிற குடைவரை முடிக்காதது இல்லை. இருந்தாலும் கதை இங்கேதான் தொடங்கணும். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் இது. பார்த்தா ரொம்ப எளிமையா இருக்கும். முகப்பில் தடித்த தூண்கள். மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. இரண்டு ஓரத்திலும் ஆளுயரத்துக்குத் துவாரபாலகர்கள். உள்ளே பின்சுவரில் மூன்று கருவறைகள், மூன்றும் இப்போ காலி. கடகடன்னு பார்த்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும்.

விஷயம் அங்கே இருக்கிற கல்வெட்டில் இருக்கு. சம்ஸ்கிருத மொழியில், பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டியிருக்காங்க. அதன் சாரம் இதுதான்: செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல், பிரம்மா, ஈசன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் இந்தக் கோயிலை எடுப்பித்தான். விசித்திரசித்தன் என்பது மகேந்திரனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று. அந்த ஆளுக்குப் பட்டப்பெயர் மேல தீராத ஆசை, அது தனி எபிசோட்.

இந்தக் கல்வெட்டைப் படிக்கும்போது எனக்கு ரிலீஸ் நோட்ஸ் ஞாபகம்தான் வருது. புதுசா என்ன செஞ்சோம்னு சொல்றதைவிட, பழசுல இருந்த எதையெல்லாம் தூக்கிட்டோம்னு சொல்றான். யோசிச்சுப் பாருங்க, ஒருத்தன் 'மரம் இல்லாம கட்டினேன்'னு பெருமையா சொல்றான்னா, அதுவரைக்கும் எல்லாரும் மரத்தில்தான் கட்டிக்கிட்டு இருந்தாங்கன்னு அர்த்தம். செங்கல்லும் மரமும் சுதையுமாக இருந்த அந்தப் பழைய கோயில்கள் மழையிலும் கரையானிலும் போயிடுச்சு. அவை இருந்ததற்கு ஒரு சாட்சி, அவற்றைப் பயன்படுத்தலைன்னு சொல்ற இந்தக் கல்வெட்டு. பக்கத்துலேயே தளவானூரிலும் மகேந்திரன் காலத்துக் குடைவரை ஒன்று இருக்கு. சேர்த்தே பார்த்துட்டு வந்துடலாம்.

இங்கே முக்கியமா கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இது திடீர்னு வானத்திலிருந்து இறங்கின திறமை மாதிரி இல்லை. தூண் தடிமனாக இருக்கு, அலங்காரம் குறைவு, அறை சிறிசு. கருங்கல் எவ்வளவு தாங்கும், எங்கே உடையும்னு கத்துக்கிட்டு இருக்கிறவங்களோட கை இது. வெர்ஷன் ஒன்னு. அங்கிருந்து ரெண்டு மூணு தலைமுறையில் அந்தக் கை எங்கே போச்சுன்னு பார்க்க மாமல்லபுரம் வரணும்.

மாமல்லபுரத்தை 'அதிகம் தெரியாத இடம்'னு சொன்னா சிரிப்பீங்க. வீக்கெண்டுல ஈசிஆர்-ல வண்டி நகராது. ஆனா மாமல்லபுரத்துக்குள்ளேயே ஒரு தெரியாத மாமல்லபுரம் இருக்கு. ஊரின் மேற்குப் பக்கம் பிடாரி ரதங்கள்னு இரண்டு, வலையன்குட்டை ரதம்னு ஒன்று. ஐந்து ரதத்தில் செல்ஃபி எடுக்கிற கூட்டத்தில் நூறில் ஒருத்தர்கூட இந்தப் பக்கம் வர மாட்டாங்க. மூன்றும் ஒற்றைக்கல் கோயில்கள். மூன்றும் முடிக்காதவை. மேலே பார்த்தா சிகரம், சின்னச் சின்ன மாடங்கள், எல்லாம் கூர்மையாக, அழகாக இருக்கும். கண்ணைக் கீழே இறக்கினா வெறும் பாறை. யாரோ ஒரு கோயிலைப் பாறைக்குள்ள அழுத்தி வெச்ச மாதிரி இருக்கும்.

இப்போ மலை மேல ஏறி, முடிக்காத மண்டபங்களைப் பாருங்க. அங்கே பாறைச் சுவரில் சதுரம் சதுரமா கட்டம் போட்டிருக்கும். உண்மையிலேயே கிராஃப் பேப்பர் மாதிரி. எப்படி வேலை செஞ்சாங்கன்னா, முதல்ல பாறை முகத்தில் சதுரங்கள் வரைவாங்க. கோட்டு வழியே உளியால் பள்ளம் எடுப்பாங்க. இப்போ ஒவ்வொரு சதுரமும் நாலு பக்கமும் பள்ளத்தோடு தனித்தனிக் கட்டியாகத் துருத்திக்கிட்டு நிற்கும். அதைப் பக்கவாட்டில் அடிச்சா உடைஞ்சு விழுந்துடும். திரும்ப அடுத்த அடுக்குக்குக் கட்டம் போடணும். இதுதான் மெத்தட். இது ஒரு லூப், அவ்வளவுதான்.

அந்தச் சுவர் முன்னாடி நின்னா லேசர் கதை அங்கேயே முடிஞ்சுடும். லேசர் வெச்சிருக்கிறவன் எதுக்குங்க கட்டம் போடப்போறான்?

இன்னொன்னு. எல்லாரும் அர்ஜுனன் தபசு பார்ப்பீங்க. அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் நடந்தா அதே காட்சியை இன்னொரு பாறையில் செதுக்க ஆரம்பிச்சு பாதியில் விட்டிருக்காங்க. சில உருவங்கள் முழுசா இருக்கும், சில உருவங்கள் பாறையிலிருந்து இப்போதான் எழுந்து வர்ற மாதிரி இருக்கும். எனக்குத் தனிப்பட்ட முறையில் முடிச்ச தபசைவிட இதுதான் பிடிக்கும். அதுல சிற்பம் தெரியுது, இதுல சிற்பி தெரியறாரு. ஐந்து ரதத்தையும்கூட இந்தக் கண்ணோட ஒருமுறை பாருங்க. தர்மராஜ ரதத்தின் மேல்தளங்களில் இருக்கும் நுணுக்கம் கீழ்த்தளத்தில் இருக்காது. அதுவும் முழுசா முடிஞ்ச கோயில் இல்லை.

சரி, கழுகுமலைக்குப் போவோம்.

தூத்துக்குடி மாவட்டம். கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போற ரோட்டில் சுமார் 20 கிலோமீட்டர். சுற்றிலும் கரிசல் காடு, நடுவில் யாரோ கவிழ்த்துவிட்ட மாதிரி ஒரு பெரிய மொட்டைப் பாறை. ஊர்க்காரங்களுக்குக் கழுகுமலை என்றால் கழுகாசலமூர்த்தி, அதாவது மலையடியில் இருக்கிற முருகன் கோயில். பங்குனி உத்திரத்துக்குக் கூட்டம் அள்ளும். காவடிச் சிந்து பாடின அண்ணாமலை ரெட்டியார் பாடியது இந்த முருகனைத்தான். அந்தக் கோயிலிலிருந்து கொஞ்சம் நடந்து மலை மேல ஏறினா வெட்டுவான் கோயில்.

முதல் தடவை பார்க்கிறவங்க கோயிலைத் தேடுவாங்க. ஏன்னா கோயில் என்றால் அண்ணாந்து பார்த்துப் பழகிட்டோம். இங்கே குனிஞ்சு பார்க்கணும். மலைச்சரிவில் சுமார் ஏழரை மீட்டர் ஆழத்துக்குப் பாறையை வெட்டி எடுத்துட்டு, நடுவில் நிற்கிற பாறையைக் கோயிலாகச் செதுக்கியிருக்காங்க. நீங்க நிற்கிற இடத்திலிருந்து சிகரம் கண்ணுக்கு நேரா இருக்கும். சிற்பப் பாணியை வைத்து 8ஆம் நூற்றாண்டு, முற்காலப் பாண்டியர் காலம் என்று கணிக்கிறார்கள். எலோரா கைலாசநாதரும் அதே 8ஆம் நூற்றாண்டுதான். இராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலம். அளவில் எலோரா மலை, இது மடு. அங்கே அகழி முப்பது மீட்டருக்கும் மேல ஆழம். ஆனா முறை ஒன்னுதான், மேலிருந்து கீழே.

இந்த 'மேலிருந்து கீழே'யைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கலாம். சாதாரணமா கோயில் கட்டினா அஸ்திவாரம், அதிட்டானம், சுவர், விமானம், கடைசியில் கலசம். கழுகுமலையில் நேர் எதிர். முதல் நாள் வேலையே உச்சி. இதுல பெரிய வசதி, சாரம் கட்ட வேண்டாம். எப்பவும் பாறை மேலேயே நின்னுக்கிட்டு வேலை பார்க்கலாம். பாறை தானே இறங்கிக்கிட்டு வரும். கல்லைத் தூக்கி ஏத்தற வேலையும் இல்லை. உடைச்ச கல்லை அப்புறப்படுத்துறதுதான் வேலை.

ஆனா ஆபத்தும் அங்கேயேதான் இருக்கு. சிகரத்தைச் செதுக்க ஆரம்பிக்கும்போதே, ஏழு மீட்டர் கீழே வாசல் எங்கே வரும், சுவர் எவ்வளவு அகலம், மையக்கோடு எங்கே விழும்னு எல்லாம் முடிவாகியிருக்கணும். மேலே அரை விரல் தப்பினா கீழே போகப் போக அது பெருசாகும். கட்டுமானத்தில் ஒரு கல் சரியில்லைன்னா கழற்றிட்டு வேற வைக்கலாம். இங்கே எடுத்த கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. கன்ட்ரோல் இசட் கிடையாது. அந்த முழுத் திட்டமும் ஒரு பெருந்தச்சனோட தலைக்குள்ள இருந்திருக்கணும், இல்லைன்னா எங்கேயோ தரையில வரைஞ்சு வெச்சிருக்கணும். பாறைக்குள்ள விரிசல் இருந்தா அது வெட்டும்போதுதான் தெரியும். அதையும் சமாளிக்கணும்.

வேலை எங்கே நின்னதுங்கறதைப் பார்த்தா வேலைப் பிரிவினை புரியும். மேலே இருக்கிற விமானப் பகுதி முழுசா முடிஞ்சிருக்கு, பாண்டியர் சிற்பத்தோட உச்சம்னு சொல்லலாம். பூதகணங்கள் சிரிக்குது, மூலைகளில் நந்திகள் படுத்திருக்கு. கீழே இறங்க இறங்க நுணுக்கம் குறைஞ்சு, கொத்தின தடம் மட்டும் தெரியுது. அதிட்டானம் உருவமே பெறலை. அதாவது முரட்டு வேலை பார்க்கிறவங்க முன்னாடி இறங்கிக்கிட்டே போறாங்க. அவங்களுக்குப் பின்னாடி வடிவம் கொடுக்கிறவங்க. அதுக்கும் பின்னாடி நுண்வேலைக்காரங்க. மூணு குழு, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர். இதோட உளியைத் தீட்டிக் கொடுக்கிற கொல்லனையும் சேர்த்துக்கணும். கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கிடும். கூர் ஏத்த உலை பக்கத்திலேயே வேணும். கொங்குப் பக்கம் கொடுமணலில் அகழாய்வு பண்ணினப்போ இரும்பும் எஃகும் செஞ்ச உலைகள் கிடைச்சிருக்கு. அது கழுகுமலைக்குப் பல நூற்றாண்டு முன்னாடி. உளிக்கு எஃகு எங்கிருந்து வந்ததுன்னு ஆச்சரியப்பட ஒன்னும் இல்லை.

சிற்பங்களில் ஒன்றை மட்டும் கண்டிப்பா தேடிப் பாருங்க. தெற்குப் பக்கத்தில் தட்சிணாமூர்த்தி. எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் தெற்கே அவர் இருப்பார், மௌனமா, சின்முத்திரையோட, காலடியில் முனிவர்கள். கழுகுமலையில் அவர் மிருதங்கம் வாசிக்கிறார். தலை லேசா சாய்ஞ்சு, முகத்தில் ஒரு ரசிப்பு. மௌனகுருவை வித்துவானாக ஆக்கலாம்னு யாரோ ஒருத்தர் யோசிச்சிருக்கார். இன்னொருத்தர் 'சரி, செய்'னு சொல்லியிருக்கார். அந்த உரையாடலைக் கேட்க எதையும் கொடுக்கலாம்.

ஏன் நின்னுது? ஊரில் ஒரு கதை சொல்வாங்க. அப்பாவும் மகனும் சிற்பிகள். இரண்டு பேருக்கும் போட்டி. ஒருத்தர் மலை மேல, இன்னொருத்தர் மலையடியில. யார் எங்கேன்னு சொல்றவங்களைப் பொறுத்து மாறும். மகன் முந்திக்கிறான்னு தெரிஞ்சதும் அப்பா கோபத்தில் உளியை வீச, மகன் செத்துப்போறான். கோயில் அப்படியே நின்னுடுது. இது வரலாறு இல்லை. சிற்பி உயிர்விடுற கதை இந்தியாவில் பல கோயில்களுக்கு உண்டு. கொனார்க்கிலும் பெருந்தச்சனோட மகன் சாகிறான். ஆனா ஒரு விஷயம் பாருங்க. வெட்டுவான் கோயிலின் கதையை மக்கள் தங்களுக்குள்ளே சொல்லிக்கிட்டப்போ, அதுல ராஜா ஹீரோ இல்லை, தேவர்கள் இல்லை. உளி பிடிச்ச இரண்டு பேர்தான். அவங்க பொறாமை, அவங்க துக்கம். கோயிலோட பேரே வெட்டுவான். வெட்டினவன் பேர்ல கோயில். படிக்காத கிழவி சொன்ன கதைக்கு இருந்த நியாயம், நம்ம ட்ரோன் வீடியோவுக்கு இல்லை.

இதோட கழுகுமலை முடிஞ்சுடலை. நிறைய பேர் வெட்டுவான் கோயிலைப் பார்த்துட்டுத் திரும்பிடுவாங்க. தயவுசெய்து திரும்பாதீங்க. அதே மலையில் இன்னும் கொஞ்சம் நடந்தா, ஒரு நீளமான பாறை முகம் முழுக்கச் சமண உருவங்கள். வரிசை வரிசையாக, முக்குடைக்குக் கீழே உட்கார்ந்த தீர்த்தங்கரர்கள். நூறுக்கும் மேல. மாலை வெயிலில் அவங்க எல்லாரும் ஒரே கிளாஸ் ரூமில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

பெரிய சிற்பங்களும் உண்டு. பார்சுவநாதர் நிற்கிறார். மேலேயிருந்து கமடன் பெரிய பாறையைத் தூக்கி அவர் மேல போடப் பார்க்கிறான். பின்னாடி தரணேந்திரன் படம் விரிச்சுக் காக்கிறான். இன்னொரு இடத்தில் பாகுபலி. ராஜமௌலியோட ஆள் இல்லை, ஒரிஜினல் பாகுபலி. தவத்தில் நின்னு நின்னு கொடி சுத்திக்கிச்சு, இரண்டு பக்கமும் சகோதரிகள். சிங்கத்தோடு அம்பிகா.

ஆனா நான் உங்களைக் கூட்டிக்கிட்டு வந்தது சிற்பத்துக்காக இல்லை, அதுக்குக் கீழே இருக்கிற எழுத்துக்காக. சின்னச் சின்ன வட்டெழுத்துக் கல்வெட்டுகள், ஏறத்தாழ நூறு. பெரும்பாலும் ஓரிரு வரி. பெரிய மெய்க்கீர்த்தி கிடையாது. இன்ன ஊர், இன்னார், செய்வித்த திருமேனி. அவ்வளவுதான். யாரெல்லாம் செய்வித்தாங்கன்னு பார்த்தா அசந்துடுவீங்க. தச்சர், குயவர்னு கைத்தொழில் செஞ்சவங்க வர்றாங்க. குரத்தியர்னு சொல்லப்பட்ட சமணப் பெண் ஆசிரியைகள் வர்றாங்க. அவங்களோட மாணவர்கள் வர்றாங்க. திருக்கோட்டாறு, அதாவது இன்றைய நாகர்கோவில் கோட்டாறு, அங்கிருந்து வந்தவங்க இருக்காங்க. திருச்சாரணத்திலிருந்து, அதாவது இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற சிதறால் மலையிலிருந்து வந்தவங்க இருக்காங்க. 1,200 வருஷம் முன்னாடி அங்கிருந்து இங்கே நடந்து வந்து, காசு சேர்த்து, ஒரு உருவம் செய்ய வெச்சு, கீழே பேர் போட்டுட்டுப் போயிருக்காங்க.

ஒரு பெண் ஆசிரியராக இருந்தாங்க, அவங்களுக்கு மாணவர்கள் இருந்தாங்க, அந்த மாணவர்கள் ஆசிரியர் பேரைத் தன் பேரோட சேர்த்துக் கல்லில் வெட்டினாங்க. இது 8, 9ஆம் நூற்றாண்டு. இதை நம்ம ஸ்கூல் புக்கில் எத்தனை பேர் படிச்சோம்?

இதை எலோராவோட சேர்த்து வெச்சுப் பாருங்க. எலோரா கோயிலைப் பற்றிப் பழைய செப்பேடு ஒன்று பேசுது. பரோடா செப்பேடு, கி.பி. 812-13. கோயில் வந்து அரை நூற்றாண்டுகூட ஆகலை. அதில் என்ன சொல்றாங்கன்னா, வானத்தில் விமானத்தில் போற தேவர்களே இதைப் பார்த்து 'இது மனுஷன் செஞ்சதா இருக்காது'ன்னு வியக்கிறாங்க. வீடியோக்காரங்க இதுவரைக்கும் ரொம்பச் சந்தோஷமா எடுத்துப் போடலாம். ஆனா அந்தப் புகழ்ச்சி அதோட நிற்கலை. அந்தக் கோயிலைச் செஞ்ச சிற்பியே, 'இதை நான் எப்படிச் செஞ்சேன்'னு வியந்து போனான்னு முடிக்குது. இன்னொரு முறை அவனாலேயே முடியுமான்னு சந்தேகம் வந்துச்சாம். ஆச்சரியப்படறது 9ஆம் நூற்றாண்டிலும் இருந்துச்சு. வித்தியாசம் என்னன்னா, அவங்க ஆச்சரியத்துக்குள்ள அந்தச் சிற்பி நிற்கிறான்.

தஞ்சாவூரும் அப்படித்தான். ராஜராஜன் பெரிய கோயில் கல்வெட்டுல குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன்னு பேர் இருக்கு. கோயிலுக்குக் கொண்டுவந்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளோட பேர், எந்தத் தெரு, எத்தனாவது வீடு வரைக்கும் இருக்கு. நாம அதையெல்லாம் விட்டுட்டு 'நிழல் கீழே விழாது'ன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம். விழும்ங்க. மத்தியானம் போகாம காலையில போய்ப் பாருங்க. சொல்லப்போனா பெரிய கோயிலுக்குள்ளேயும் ஒரு முடிக்காத வேலை ஒளிஞ்சிருக்கு. விமானத்தோட முதல் தளத்தில் சிவன் ஆடுற கரணங்களை வரிசையா செதுக்கியிருக்காங்க. மொத்தம் 108 வரணும். 81 முடிஞ்சிருக்கு. மீதி 27-க்கும் கல்லை வெச்சு இடம் விட்டிருக்காங்க, கல் காலியா இருக்கு. ராஜராஜனோட ப்ராஜெக்டிலும் பேக்லாக் இருந்திருக்கு.

இப்போ கொஞ்சம் கசப்பான விஷயம். இந்த இடங்கள் எல்லாம் பாறைங்கறதால என்னைக்கும் அப்படியே இருக்கும்னு நினைச்சுக்கிறோம். பாறைக்கு கன மீட்டர் கணக்கில் விலை உண்டு. மதுரைப் பக்கம் கிரானைட் குவாரிகள் என்ன செஞ்சுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அதே மேலூர் வட்டாரத்தில் அரிட்டாபட்டின்னு ஒரு ஊர். தமிழிக் கல்வெட்டு, சமணச் சிற்பம், பாண்டியர் காலச் சிவன் குடைவரை மூணும் ஒரே மலைத்தொடரில். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிச்சாங்க. அப்படி அறிவிச்ச பகுதியையும் உள்ளடக்கி 2024-ல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாங்க. ஊர் ஊராக மக்கள் எழுந்தாங்க, சட்டப்பேரவை தீர்மானம் போட்டுச்சு, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செஞ்சுது. அந்த மலை இன்னைக்கு இருக்குன்னா அந்த ஊர்க்காரங்கதான் காரணம். அவங்க யாரும் ட்ரோன் வீடியோ பார்த்துட்டுப் போராட வரலை. அது அவங்க மலை, அவங்க கண்மாய்க்குத் தண்ணி வர்ற மலை.

சுரங்கம் அளவுக்குப் போக வேண்டாம். நம்ம ஆளுங்க சாவியை எடுத்து இதயம் வரைஞ்சு ரெண்டு பேர் எழுதிட்டு வர்றாங்களே, அது வட்டெழுத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். அவ்வளவு தூரம் நடந்து வந்து காசு கொடுத்துப் பேர் வெட்டினவங்களோட வரிசையில், பைக்ல வந்து சும்மா கிறுக்கினவனும் சேர்ந்துக்கிறான். எரிச்சலா இருக்கு, வேற என்ன சொல்ல.

போகணும்னு நினைக்கிறவங்களுக்குச் சில குறிப்பு. கழுகுமலைக்கு கோவில்பட்டி வரைக்கும் ரயில், அங்கிருந்து டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ. ஏப்ரல், மே மாசத்தில் மத்தியானம் போகாதீங்க, பாறை தோசைக்கல் மாதிரி இருக்கும். காலையில் சீக்கிரம் ஏறுங்க. சூரியன் சாய்வா விழும்போதுதான் உளித் தடமும் எழுத்தும் தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிடும். குறைஞ்சது அரை நாள் ஒதுக்குங்க. வெட்டுவான் கோயிலில் முதல்ல மேல இருந்து சிகரத்தைப் பாருங்க, அப்புறம் கீழே இறங்கி வேலை எங்கே நின்னுதுன்னு அந்தக் கோட்டைத் தேடுங்க. சமணப் பாறையில் எழுத்து மேல சாக்பீஸ், தண்ணி, பவுடர் எதுவும் போட்டுப் படிக்க வேண்டாம். போன் டார்ச்சைப் பக்கவாட்டில் காட்டினாலே போதும். மாமல்லபுரத்தில் பிடாரி ரதங்களுக்கு ஐந்து ரதம் பார்த்த அதே நாளில் ஒரு மணி நேரம் சேர்த்துக்குங்க. மண்டகப்பட்டுக்கு செஞ்சிக் கோட்டை போற வழியில் இறங்கிக்கலாம்.

அடுத்த எபிசோட்ல சிதறால் போறோம். கழுகுமலைப் பாறையில் பேர் விட்டுட்டுப் போன அந்தத் திருச்சாரணத்துக்காரங்க எங்கிருந்து கிளம்பினாங்கன்னு அவங்க ஊருக்கே போய்ப் பார்க்கலாம். அங்கே குணந்தாங்கிக் குரத்திகள்னு ஒரு அம்மா கோயிலுக்குப் பொன் கொடுத்த கல்வெட்டு இருக்கு. அவங்களைப் பற்றிப் பேசுவோம்.